எழுதி வாங்கிய பிள்ளை

பஸ்ஸா கரை, ஆப்பிரிக்கா
1838 மார்ச் 12

அன்புள்ள சில்பா அக்காவுக்கு,

உன் தம்பி லெமுவேல் எழுதுவது. கோபத்தில் இதை அடுப்பில் போட்டுவிடாதே. போடுவதானாலும் யாரையாவது ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடு. எழுத்து என்னுடையதுதான். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றுக்கொண்டேன். கோணலாக இருக்கும்.

நம் வர்ஜீனியா எஜமான் சாகும்போது எங்களை விடுதலை செய்துவிட்டுச் செத்தார். விடுதலையானவன் அந்த மாகாணத்தில் தங்கக் கூடாது என்பது சட்டம். நீ பிலடெல்பியாவில் எனக்கும் டோர்கஸுக்கும் குழந்தைக்கும் கட்டில் போட்டு வைத்துக் காத்திருந்தாய். நானோ, கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றும் சங்கத்துக்காரர்கள் காட்டிய கப்பலில் ஏறிவிட்டேன். 'எனக்குத் தம்பியே கிடையாது' என்று நீ சொல்லியனுப்பினாய். அதோடு இரண்டு வருஷம் போய்விட்டது. இதைத் திரும்ப எழுத எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமல் எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

அக்கா, ஜோசையா போய்விட்டான். இங்கே இறங்குகிற எல்லாரையும் ஒரு காய்ச்சல் பிடிக்கும். பிழைத்தால் ஊர் உன்னுடையது, இல்லையென்றால் மண் உன்னுடையது என்று விளையாட்டாகச் சொல்வார்கள். நான் பிழைத்தேன். டோர்கஸ் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அவனுக்கு நாலு வயது. நீ அவனைப் பார்க்கவே இல்லை.

இப்போது எங்களுக்குப் பலகை வீடு இருக்கிறது. வீட்டுக்குப் புகைபோக்கி கூட உண்டு. இந்த ஊரில் கணப்பு மூட்டிக் குளிர் காய வேண்டிய அவசியம் ஒருவனுக்கும் கிடையாது. ஆனாலும் வந்தவர்கள் எல்லாரும் கட்டுகிறோம். எஜமானின் பெரிய வீட்டில் இருந்ததே, நமக்கு மட்டும் வேண்டாமா? எங்கள் புகைபோக்கியில் வௌவால் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவையும் ஒரு வகையில் குடியேறியவைதான் என்று விட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் காட்டை வெட்டித் திருத்திவிட்டால் நிலத்துக்குப் பட்டா கையெழுத்தாகும். நம் அப்பா, அவர் அப்பா, யார் கையிலாவது மண் இருந்ததா? எனக்கு இருக்கப்போகிறது.

வீட்டில் ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறாள். எட்டு ஒன்பது வயது. ஆற்றுக்கு மேலே பஸ்ஸா ஜனங்களின் ஊர். அந்த ஊர்க்காரர் கார்வே, படிப்பு கற்றுக்கொள்ளட்டும் என்று தன் மகளைக் கொண்டுவந்து விட்டார். வெள்ளைக் கோழி ஒன்றும் கொஞ்சம் அரிசியும் வைத்தார். நன்றி சொல்கிறார் என்று வாங்கிக்கொண்டேன். டோர்கஸ் ஞாயிறன்று அந்தக் கோழியைக் குழம்பு வைத்தாள். பிள்ளை பெயர் யாசா. நாங்கள் பேஷன்ஸ் என்று கூப்பிடுகிறோம். இங்கே எல்லாரும் செய்கிற மாதிரி நீதிபதி முன்னால் போய்ப் பதினெட்டு வயது வரைக்கும் அவளை எங்கள் வீட்டுக்கு எழுதி வாங்கியாயிற்று. சமையலுக்கும் தண்ணீர் எடுக்கவும் டோர்கஸுக்குக் கூடமாட உதவி. நல்ல சாப்பாடு, நல்ல துணி, படுக்கக் கட்டில். குறையில்லாமல் இருக்கிறாள்.

பதில் போடு அக்கா. திட்டியாவது போடு.

உன் தம்பி,
லெமுவேல்


பிலடெல்பியா
1838 ஆகஸ்ட் 3

லெமுவேல்,

எழுதுவது பக்கத்து வீட்டு மிஸ்டர் பர்னெல். சிப்பி வியாபாரம் செய்கிறவர், கையெழுத்து அழகாக இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நான் சொல்வதில் பாதியை, "அம்மா, இதையெல்லாம் எழுதினா என் பேனா முள்ளு ஒடிஞ்சுரும்" என்று விட்டுவிடுகிறார். அந்தப் பாதியை நீயே ஊகித்துக்கொள்.

பிள்ளை விஷயத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். அவனுக்கென்று ஒரு கம்பளிச் சட்டை பின்னி வைத்திருந்தேன். அதை இப்போது யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பர்னெலிடம் சொல்லிவிட்டேன்.

நான் வழக்கம்போல் சந்தை மூலையில் குடல் சூப் விற்கிறேன். மிளகாய் கூடப் போட்டால் சோம்பேறிகளும் எழுந்து வந்து வாங்குகிறார்கள். மே மாசம் இங்கே அடிமை முறைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் புதிதாகக் கட்டிய மண்டபத்தை ஒரு கும்பல் கொளுத்திவிட்டது. தீயணைக்க வந்தவர்கள் பக்கத்துக் கூரைகளுக்குத்தான் தண்ணீர் அடித்தார்கள். மறுநாள் காலை என்னிடம் சூப் குடித்த ஒரு கனவான் கேட்டார், "ஏன் சில்பா, இவ்வளவு கஷ்டப்படறதுக்கு உங்க ஆப்பிரிக்காவுக்கே போயிடலாமே?" நான் சொன்னேன், "போகலாம் ஐயா. உங்க தாத்தா வந்த கப்பல் எதுன்னு சொல்லுங்க. உங்களுக்கும் ஒரு இடம் போட்டு ஒண்ணாவே கிளம்பிடலாம்." அவர் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சூப் வீணாகவில்லை, மீதியை இன்னொருவன் குடித்துவிட்டான்.

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான், கண்ட கதையும் வரும்.

அந்தப் பெண் பிள்ளையை எழுதி வாங்கினாயா? எங்கிருந்தடா உனக்கு அந்த வார்த்தை வந்தது? அவள் அப்பன் எழுதிக் கொடுத்தானா? அவனுக்கு எழுதத் தெரியுமா? அந்த நீதிபதி வாசலில் அவன் நின்றானா? நல்ல சாப்பாடு, நல்ல துணி, படுக்கக் கட்டில். இதே வார்த்தைகளை நான் வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அது கறுப்பு வாய் இல்லை.

அவளை அவள் வீட்டுக்கு அனுப்பு. அனுப்பிவிட்டு எழுது. அதுவரைக்கும் என்னை அக்கா என்று கூப்பிடாதே.

சில்பா


பஸ்ஸா கரை
1839 ஜனவரி 20

அக்கா,

நீ கூப்பிடாதே என்றாலும் எனக்கு வேறு பெயர் தெரியாது.

நான் ஒன்றும் அவளை விலைக்கு வாங்கவில்லை. இங்கே பலகை வீடு உள்ள எல்லாரிடமும் மேட்டு ஊர்ப் பிள்ளை ஒன்றிரண்டு உண்டு. எழுதி வாங்காமல் வைத்துக்கொண்டால்தான் தப்பு என்கிறார் நீதிபதி டில்லார்ட். "எழுதி வச்சாத்தான் நீ அதுக்குச் சோறு போடலேன்னா நான் உன்னைக் கேக்க முடியும்" என்றார். நியாயம்தானே என்று நினைத்தேன். டில்லார்ட் யார் தெரியுமா? நம் வர்ஜீனியாவில், பீட்டர்ஸ்பர்க்கில் வெள்ளைக்காரர்களுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர். இங்கே நாங்கள் அவரை 'கனம் நீதிபதி அவர்களே' என்கிறோம். ஆனால் பேசும்போது இன்னமும் எதிராளியின் தாடையைத்தான் பார்ப்பார். சவரம் சரியில்லாதவன் வழக்கு ஜெயிக்காது என்று ஊரில் பேச்சு.

போன மாசம் எங்கள் வீட்டுக்கு எறும்புப் படை வந்தது. பயப்படாதே, ஊர்க்காரர்களுக்கு அது சகஜம். ஆறு மாதிரி வரும். டோர்கஸ் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நின்றாள். நான் வெந்நீர் ஊற்றினேன். யாசாவோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "வெளிய வாங்க. அதுங்க வந்து கரப்பான், எலி எல்லாத்தையும் தின்னுட்டு அதுங்களே போயிரும். வீடு சுத்தமாயிரும்." நாங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் திரும்பிப் போனால் வீடு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஜோசையா போன பிறகு டோர்கஸ் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும்.

பிறகு கார்வே வந்தார். அவருக்குக் கப்பல்காரர்களோடு பழகின பேச்சு கொஞ்சம் வரும்.

"லெமு, பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன். அடுத்த வறண்ட காலத்துல ஊர்ல பொண்ணுங்க எல்லாம் காட்டுக்குள்ள போறாங்க. இவளும் போகணும்."

அது அவர்கள் வழக்கம். பெண் பிள்ளைகளைக் கொஞ்சகாலம் காட்டுக்குள் தனியாக வைத்து, பெரிய பெண்கள் எல்லாம் சொல்லிக்கொடுத்துப் பெண்ணாக்கி அனுப்புவார்கள். அதற்குப் போகாதவள் அந்த ஊரில் எத்தனை வயதானாலும் குழந்தைதான். எந்த வீடும் அவளைப் பெண் எடுக்காது. எங்கள் போதகருக்கோ அந்தக் காட்டின் பேரைக் கேட்டாலே வியர்க்கும்.

நான், "பதினெட்டு வயசு வரைக்கும்னு எழுதியிருக்கே கார்வே" என்றேன்.

"என்ன எழுதியிருக்கு? யார்கிட்ட?"

"நீதிபதிகிட்ட."

"நீதிபதியோட பொண்ணா அவ?" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். "நான் வெள்ளைக் கோழி கொண்டாந்தேன். நீ வாங்கின. தின்ன. என் மனசுல கறுப்பு இல்லேன்னு அர்த்தம். உன் வீடும் என் வீடும் ஒண்ணாச்சுன்னு அர்த்தம். பொண்ணு ரெண்டு வீட்டுக்கும் நடுவுல போவா, வருவா. கோழியைத் தின்னுட்டு வாசலை அடைக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல."

நான் அதைச் சாப்பாட்டுச் செலவுக்குக் கொடுத்தது என்று நினைத்திருந்தேன் அக்கா. டோர்கஸ் உள்ளே போய் யாசாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். கார்வே சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் படகேறிப் போனார்.

அனுப்பினால் டோர்கஸ் என்ன ஆவாள் என்று யோசிக்கிறேன். நீ எழுதுகிறபோது அதையும் யோசித்து எழுது.

லெமுவேல்


பிலடெல்பியா
1839 ஏப்ரல் 28

லெமுவேல்,

டோர்கஸை நினைத்தேன். அதனால்தான் உடனே பதில் போடாமல் ஒரு வாரம் சூப் மட்டும் விற்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ அப்போது அம்மா இடுப்பில் இருந்தாய். என் பெயர் சில்பா இல்லை. அம்மா எனக்கு லூயிஸா என்று பெயர் வைத்தாள். எஜமானிக்குக் கடைசிப் பெண் பிறந்து அதற்கும் லூயிஸா என்று வைத்துவிட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு லூயிஸா எப்படி? வேதப் புத்தகத்தைப் புரட்டி, வேலைக்காரி ஒருத்தியின் பெயரைப் பார்த்து எனக்கு வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க எனக்குப் பல நாள் ஆயிற்று. அதற்காக அடியும் வாங்கினேன்.

எஜமானியின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபோது வெள்ளிக் கரண்டிகளோடும் போர்வைகளோடும் என்னையும் கொடுத்தார்கள். எனக்கு அந்த யாசாவின் வயது. வண்டியில் ஏற்றும்போது அந்தப் புதுப் பெண் என் கன்னத்தைத் தட்டிச் சொன்னாள், "அழாத. அங்க உனக்கு நல்ல சாப்பாடு, நல்ல துணி, தனிக் கட்டில்." அவள் பொய் சொல்லவில்லை லெமுவேல். எல்லாம் கொடுத்தாள். நல்லவள்தான். குழந்தை இல்லாதவள். என் தலையைத் தானே பின்னிவிடுவாள். என்னை விட்டு அவளால் இருக்க முடியாது என்று எல்லாரிடமும் சொல்வாள். அம்மா கதவுப் பக்கத்தில் நின்றாள். ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண் புருஷனோடு பிலடெல்பியாவுக்கு வந்தாள், இங்கே ஆறு மாசம் தங்கினால் சட்டம் என்னை விட்டுவிடும் என்று அவர்களுக்கு நினைவில்லை. நான் தப்பினேன். ஆனால் அம்மாவை மறுபடி பார்க்கவில்லை.

இதை எழுதும்போது பர்னெல் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றார். "என்ன, சிப்பி வண்டியா வந்திருக்கு?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். தெருவில் ஒரு வண்டியும் இல்லை.

டோர்கஸ் கெட்டவள் இல்லை. என்னை எடுத்துப் போனவளும் கெட்டவள் இல்லை. அதுதான் விஷயம்.

சில்பா


பஸ்ஸா கரை
1839 செப்டம்பர் 9

அக்கா,

உன் கடிதத்தை டோர்கஸுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய் மரவள்ளிக்கிழங்கு தோலுரிக்க ஆரம்பித்தாள். உரித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாரத்துக்கு வரும். கடைசியில், "உங்க அக்கா சரியான ஆளு" என்றாள். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

நான் யாசாவிடமே கேட்டேன். "உனக்கு என்ன வேணும்?"

"எங்க அம்மாவைப் பாக்கணும். காட்டுக்குப் போகணும். எங்க ஊர்ல என் வயசுப் பிள்ளைங்க எல்லாம் போறாங்க. அப்புறம் இங்கயும் வரணும், டோர்கஸ் அம்மா அழுவாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க? நான் சொன்னா நடக்குமா?"

டில்லார்டிடம் போனேன். அன்றைக்கு ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டு போனேன், சிரிக்காதே. எழுதினதை ரத்து செய்யச் சொன்னேன்.

"என்ன லெமுவேல், உனக்குப் பைத்தியமா? அந்தப் பிள்ளையை மறுபடி காட்டுக்கு அனுப்பவா நாம கடல் தாண்டி வந்தோம்?"

"அவ அப்பன் கேக்கறாரு."

"அவன் கேப்பான். இன்னிக்கு இவளை விட்டா நாளைக்கு ஊர்ல இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அப்பன் வந்து நிப்பான். என் வீட்டுல மூணு இருக்கு. என் பெண்சாதி என்னைச் சும்மா விடுவாளா?" குரலைத் தாழ்த்தினார். "உன் பட்டா என் மேஜை மேலதான் இருக்கு. எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நல்ல குடியானவன்னு ஊரே உன்னைச் சொல்லுது. அந்தப் பேரைக் கெடுத்துக்காத."

பயமுறுத்துகிற குரல் இல்லை அக்கா. முகத்தில் சோப்பு போட்டுவிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே வானிலை பேசுகிற குரல்.

இந்த நிலத்துக்காகத்தான் நான் உன் கட்டிலை விட்டு வந்தேன். பிள்ளையைப் புதைத்த பிறகும் திரும்பாமல் இருந்தேன். காலையில் போய் நின்று பார்த்தால், வரப்பு வரைக்கும் எனக்கு மேலே ஆள் கிடையாது. அது என்ன மாதிரி என்று உனக்கு எழுதத் தெரியவில்லை. வறண்ட காலம் வந்துகொண்டிருக்கிறது. காட்டுக்குப் போகிற பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

என்ன செய்ய, சொல்லு.

லெமுவேல்


பிலடெல்பியா
1839 டிசம்பர் 5

தம்பி,

'நிலத்தை விட்டெறி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். பர்னெலும் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். வார்த்தை வரவில்லை.

இங்கே நமக்கு ஓட்டு இருந்தது, போன வருஷம் அதையும் எடுத்துவிட்டார்கள். பர்னெல் வரி கட்டுகிறவர். அவருக்குக் கிடையாது, அவரிடம் சிப்பி கடன் வாங்கித் தின்கிறவனுக்கு உண்டு. நான் இருக்கிற அறை வாடகை அறை. மழை வந்தால் ஒழுகுகிற இடம் எனக்குச் சொந்தம், மற்றதெல்லாம் வீட்டுக்காரருக்கு. வரப்பு வரைக்கும் எனக்கு மேலே ஆள் இல்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது, கோபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் பொறாமை வந்தது. உன்னிடம் மறைத்து என்ன?

நம் தேவாலயத்துப் பெரியவர்கள் உன் கடிதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார்கள். "சகோதரி, இதைக் கூட்டத்துல படிச்சா அந்தச் சங்கத்துக்காரங்க முகத்துல கரி பூசலாமே" என்றார்கள். "அவங்க நல்ல கடிதமா பொறுக்கி அச்சுப் போடறாங்க, நீங்க கெட்ட கடிதமா பொறுக்கி அச்சுப் போடுவீங்க. என் தம்பி ரெண்டுக்கும் எழுதலை, எனக்கு எழுதியிருக்கான்" என்று சொல்லிச் சூப் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

என்ன செய்யச் சொல்வது? நான் இங்கிருந்து சொல்வது சுலபம். செலவு உன்னுடையது. நீ எது செய்தாலும் நீ என் தம்பிதான். இதை மட்டும் இரண்டு தடவை கோடு போட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

லூயிஸா என்கிற சில்பா


பஸ்ஸா கரை
1840 மே 17

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கப்பல்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு காலையில் டோர்கஸ் யாசாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். சீப்பு கையிலேயே இருந்தது. "இதைத்தானே அந்தப் பொம்பளை உங்க அக்காவுக்குச் செஞ்சா?" என்றாள். மீதித் தலையையும் பின்னி முடித்துவிட்டு, "படகு கேளுங்க. நானும் வரேன்" என்றாள்.

மூன்று பேரும் படகில் ஆற்றுக்கு மேலே போனோம். வழியெல்லாம் யாசா வாய் ஓயவில்லை. அந்தப் பாறை, இந்த மரம், அங்கே ஒரு முதலை, அது கிழ முதலை, ஒன்றும் செய்யாது. ஊர் தெரிந்ததும் பேச்சு நின்றுவிட்டது. படகு கரை தட்டுவதற்குள் தண்ணீரில் குதித்து ஓடினாள். ஒரு பெண் உலக்கையைக் கீழே போட்டுவிட்டு எதிரே ஓடி வந்தாள். யாசாவின் அம்மாவை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன் அக்கா. இரண்டு வருஷமாக அவளுக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்று தெரியும். ஆனால் தெரிந்த மாதிரி நான் நடந்துகொள்ளவில்லை.

கார்வே எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். "தாமதமா வந்தாலும் வந்துட்டீங்க. சாப்பிட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான். டோர்கஸ், "அவ திரும்ப வருவாளா?" என்று கேட்டாள். "அவளுக்குக் கால் இருக்கு, வாய் இருக்கு. காட்டுல இருந்து வந்த பிறகு அவளைக் கேளு" என்றார். டோர்கஸுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் வேறு பதில் அவரிடம் இல்லை.

திரும்பி வந்ததும் டில்லார்ட் ஆள் அனுப்பினார். கோர்ட்டில் ஊரே கூடியிருந்தது. "எழுதி வாங்கின பிள்ளை எங்கே?"

"அவ வீட்டுல இருக்கா."

"உன் வீடுதான் அவ வீடுன்னு இந்தப் பேப்பர் சொல்லுது."

"பேப்பர் தப்பா சொல்லுது. அதுல கையெழுத்துப் போட்டவன் நான். நானே சொல்றேன்."

பின்னாலிருந்து ஒருவன், "லெமுவேல் காட்டாளாயிட்டான்டோய்! நாளைக்கு இலையைக் கட்டிக்கிட்டு வருவான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஏனென்றால் சொன்னவன் அந்த வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வியர்வை சொட்டச் சொட்ட நின்றான். டில்லார்ட் சிரிக்கவில்லை. என் பட்டாவை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு அந்த நிலத்தை நார்ஃபோக்கிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். எங்கே கிணறு, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்றெல்லாம் நானே காட்டிக் கொடுத்தேன். என்ன செய்வது, சோளம் நான் நட்டது, கெட்டுப்போகக் கூடாது.

வீடு மட்டும் எங்களிடம் இருக்கிறது. கூலிக்குப் பலகை அறுக்கிறேன். டோர்கஸ் பேசுவதில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். காலையில் எழுந்ததும் கால் தானாகப் பழைய வரப்புப் பக்கம் போகிறது. பாதி வழியில் நினைவு வந்து திரும்புகிறேன்.

லெமுவேல்


பிலடெல்பியா
1840 அக்டோபர் 2

தம்பி,

உனக்கும் டோர்கஸுக்கும் ஒரு கட்டில் எப்போதும் உண்டு. வா என்று சொல்லவில்லை. உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

டோர்கஸிடம் சொல்லு, என்னைக் கொண்டுபோனவள் ஒரு நாளும் என்னைத் திரும்பப் படகேற்றவில்லை என்று.

சில்பா


பஸ்ஸா கரை
1841 பிப்ரவரி 14

அக்கா,

நேற்று நடந்ததை மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். உன் செய்தியை டோர்கஸிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அது வேறு கதை, பிறகு எழுதுகிறேன்.

மத்தியானம் நான் பலகை அறுக்கிற பள்ளத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். டோர்கஸ் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முன்பக்கம் யாரோ கைதட்டிக் கூப்பிட்டார்கள். பார்த்தால் இரண்டு பெண்கள். ஒருத்தியை எனக்குத் தெரியாது, அத்தை மகளாம். மற்றவளையும் முதலில் தெரியவில்லை. வளர்ந்திருந்தாள். கழுத்தில் மணி, நிமிர்ந்த நடை. முன்னே எல்லாம் எங்கள் வீட்டுக்குள் அவள் வந்தது பின்பக்க வழியாகத்தான். அப்படி யாரும் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் வருவாள். நேற்று முன்வாசல் வழியாக வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். போதகர் வந்தால் உட்காருகிற நாற்காலி.

டோர்கஸ் ஈரக்கையோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "யாசா" என்றாள். பேஷன்ஸ் என்று சொல்லவில்லை.

"எனக்கு இப்ப வேற பேரு, காட்டுல வச்சாங்க. ஆனா நீங்க யாசான்னே கூப்பிடலாம்."

டோர்கஸுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பழக்கத்தில், "அந்தத் துணியைக் கொஞ்சம் பிடி" என்று சொல்ல வாயெடுத்தாள். எனக்குத் தெரிந்தது, யாசாவுக்கும் தெரிந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, ஆனால் எழுந்திருக்காமல் சொன்னாள்:

"அம்மா, நான் விருந்தாளி. ரொம்ப தூரம் வந்திருக்கேன். முதல்ல தண்ணி குடுங்க."

டோர்கஸ் போனாள். அடுப்படிச் செம்பை எடுத்தாள், கீழே வைத்தாள். மேல் அலமாரியைத் திறந்து, வர்ஜீனியாவிலிருந்து துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, இரண்டு தடவை கழுவி, தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள். யாசா குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே நின்றாள். பிறகு அத்தை மகளுக்கும் கொண்டுவரப் போனாள்.

சாயங்காலம் வரைக்கும் இருந்தார்கள். மீன் குழம்பு சாப்பிட்டார்கள். உப்பு கம்மி என்று யாசா சொன்னாள். டோர்கஸ், "உங்க ஊர்ல மட்டும் ரொம்பப் போடறாங்களாக்கும்" என்றாள். யாசா போன பிறகு அவள் பேசின நீளமான பேச்சு அதுதான்.

இருட்டுவதற்குள் படகுக்குப் போனார்கள். நாங்கள் கரை வரைக்கும் கூடப் போனோம். டோர்கஸ் ஒன்றும் கேட்கவில்லை, எப்போது வருவாய் என்று கூடக் கேட்கவில்லை. யாசாதான் படகில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்:

"அடுத்த தடவை நீங்க வரீங்களா, நான் வரவா?"

டோர்கஸ் என்னைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்து, "நான் வரேன்" என்றாள்.

உன் தம்பி,
லெமுவேல்